நெடுந்தூரம் ஓடப் பழகுவது: வேலூர் வெயிலில், வேலைக்கும் போய்க்கொண்டு

ஓட ஆரம்பித்த ஆறேழு வாரத்தில் மூச்சு வாங்குவது நன்றாகக் குறைந்துவிடும். பாதித் தெருவிலேயே இரைத்தவர் மூன்று கிலோமீட்டரைச் சிரித்துக்கொண்டே கடப்பார். பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் கால் போகிறது.

இதயமும் ரத்த ஓட்டமும் புதுப் பழக்கத்துக்குச் சீக்கிரம் ஈடுகொடுத்துவிடும். அடுத்தது தசை. தசையை எலும்போடு கட்டியிருக்கும் நாண்களுக்கும், எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். எலும்பு விஷயம் இன்னும் விசித்திரம். புதுப் பாரம் விழுந்தால் அது முதலில் பழைய பகுதியைக் கொஞ்சம் கரைக்கும், அப்புறம்தான் அந்த இடத்தில் புதிதாகக் கட்டும். கரைத்த பிறகு கட்டி முடிக்கும் வரை சில வாரங்கள் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். நம் மூச்சோ அதே வாரங்களில் "இன்னும் போகலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். அந்தப் பேச்சைக் கேட்காமல் இருக்கப் பழகுவதுதான் நெடுந்தூரப் பயிற்சியில் முக்கால் பங்கு.

நான் மேல்விஷாரம் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் சூப்பர்வைசர். வீடு சத்துவாச்சாரியில். வயது 45ஐத் தாண்டிவிட்டது. கம்பெனி பஸ் ஏழே காலுக்கு வரும். அதற்குள் ஓட்டம், குளியல், சமையல், டிபன் பாக்ஸ் எல்லாம் முடிந்தாக வேண்டும். கோச் கிடையாது, கையில் கட்டும் விலையுயர்ந்த வாட்ச்சும் கிடையாது. ஆரம்பத்தில் எதிர்வீட்டுக்காரி கேட்டாள்: "இன்னாக்கா, யார்னா தொரத்துறாங்களா?" இப்போது அவளும் கூடவே வருகிறாள். எங்களை மாதிரி ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்: வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்துக்குப் பிறகு ஓடாதவர்கள், 10 கிலோமீட்டரோ 21 கிலோமீட்டரோ ஓட ஆசைப்படுகிறவர்கள். 42.195 கி.மீ. முழு மாரத்தான் பற்றி இங்கே பேசப்போவதில்லை. 21ஐ ஒன்றிரண்டு வருஷம் வலியில்லாமல் ஓடிவிட்டு அதை யோசிக்கலாம்.

சர்க்கரை, பிரஷர், படியேறினால் நெஞ்சில் அழுத்தம், சொந்தத்தில் இளவயதிலேயே மாரடைப்பு வந்தவர்கள் - இதில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். மாஸ்டர் செக்கப்புக்கு ஊரெல்லாம் ரயில் ஏறி வருகிற வேலூரில் இருந்துகொண்டு நாம் அதைத் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை.

முதல் மூன்று மாதம்

வாரத்தில் நாலைந்து நாள் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் ஒரு மாதம் அது மட்டும் போதும். இதை யாரும் செய்ய விரும்புவதில்லை, ஆனால் எலும்புக்கு முதல் தவணை இதுதான்.

அப்புறம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படிப் பத்துத் தடவை. வாரத்தில் மூன்று நாள், அடுத்தடுத்த நாளில் வேண்டாம். அது சுலபமாகத் தெரியத் தொடங்கியதும் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பிறகு மூன்றுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று. பத்திலிருந்து பன்னிரண்டு வாரத்தில் நிற்காமல் அரை மணி நேரம் வரும். வரவில்லையென்றால் இன்னும் மூன்று வாரம் ஆகும், அவ்வளவுதான். ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள்.

வேகத்துக்கு ஒரே அளவுகோல் பேச்சு. முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். நானும் எதிர்வீட்டுக்காரியும் மாமியார் கதை பேசிக்கொண்டு போவோம். கதை தடையில்லாமல் போனால் வேகம் சரி. "ஆமா", "ம்ம்" என்று சுருங்கிவிட்டால் வேகம் கூடிவிட்டது. தனியாக ஓடுகிறவர்கள் ஏதாவது பாட்டின் இரண்டு வரியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வயதானவர்கள் நடையில் நம்மைத் தாண்டிப் போனாலும் போகட்டும்.

காலை எங்கே ஊன்றுவது, குதிகாலா முன்பாதமா என்று ரொம்பக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: எட்டி எட்டிப் போடாமல், சின்னச் சின்ன அடியாக, கொஞ்சம் விரைவாக எடுத்துவையுங்கள். நிமிடத்துக்கான அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முழங்காலிலும் இடுப்பிலும் விழும் பாரம் குறைகிறது. முழங்கால் முணுமுணுக்கிறவர்கள் முதலில் செய்து பார்க்க வேண்டியது இதுதான். காசும் ஆகாது.

தூரத்தைக் கூட்டும் கணக்கு

வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்பது பழைய விதி. 2025ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசினில் 5,000க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு வெளிவந்தது. வாரத்தின் மொத்தத் தூரத்தைவிட, ஒரே ஓட்டத்தில் எடுக்கும் திடீர்த் தாவல்தான் காயத்தோடு அதிகம் சேர்ந்து வந்தது என்று அது சொன்னது. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீளமான ஓட்டம் எவ்வளவோ, அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் போனால் ஆபத்து ஏறுகிறது. எனக்கு இது ரொம்பச் சரியாகப் படுகிறது. நான் பார்த்த வரையில் கால் போனவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் போனார்கள். 8 கி.மீ. ஓடிக்கொண்டிருந்தவரை நண்பர்கள் கூப்பிட்டிருப்பார்கள், பேச்சு சுவாரசியத்தில் 13 ஆகியிருக்கும்.

கணக்கை எளிதாக வைத்துக்கொள்ளலாம். வாரத்தில் ஒரு நாள் நீள ஓட்டம், மற்ற இரண்டு மூன்று நாள் அதில் பாதித் தூரம். மூன்று வாரம் நீள ஓட்டத்தைப் பத்துப் பத்து சதவீதமாக ஏற்றுங்கள். நான்காவது வாரம் எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். 5 கிலோமீட்டரில் தொடங்கி இப்படி ஏறினால் 16ஐத் தாண்ட 13 ஏற்றம் வேண்டும். இறக்க வாரங்களையும் சேர்த்தால் 17 வாரம், அதாவது நான்கு மாதம். 21 ஓடுவதற்கு முன் பயிற்சியில் 21 ஓடியிருக்க வேண்டியதில்லை. 16, 17 போதும். மீதியைப் போட்டி நாளின் உற்சாகமும் முந்தைய இரண்டு வாரம் தூரத்தைக் குறைப்பதும் பார்த்துக்கொள்ளும்.

சென்னையில் ஜனவரியில் நடக்கும் மாரத்தானில் 21 ஓட நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்னோக்கி எண்ணுங்கள். கடைசி இரண்டு வாரம் குறைப்பு, அதற்கு முன் 17 வாரம் ஏற்றம், அதற்கு முன் 12 வாரம் நடை கலந்த ஓட்டம். ஜூன் தொடக்கத்தில் ஆரம்பித்தாக வேண்டும். மே மாதம் முழுக்க நடை. கத்திரி வெயிலில் ஓடத் தொடங்காமல் நடப்பதும் நல்லதுதான், ஆக நம்ம ஊருக்கு இந்தக் கணக்கு தானாகவே பொருந்துகிறது. அக்டோபரில் பதிவு செய்துவிட்டு அப்புறம் பயிற்சியைப் பற்றி யோசிக்கிறவர்கள் 10 கி.மீ. பிரிவில் பேர் கொடுங்கள்.

வேகப் பயிற்சியைப் பற்றிப் பல பேர் கேட்கிறார்கள். நேதாஜி மைதானத்தில் பையன்கள் பறப்பதைப் பார்த்து வரும் ஆசை அது. அவர்கள் கதை வேறு. தமிழ்நாடு காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும், 400 மீட்டர் சுற்று ஒவ்வொன்றும் 1 நிமிடம் 52 விநாடிக்குள். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்துக்குப் போகிற ஊர்ப் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே ஓடிப் பழகியவர்கள். அவர்களில் பலருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எங்கள் லைனில் வேலை செய்யும் பெண்ணின் தம்பி ஒருத்தன், அறிவிப்பு வந்த பிறகு ஷூவை எடுத்தான். தினமும் தார் ரோட்டில் முழு வேகம். மூன்றாவது வாரம் முன்கால் எலும்பில் வலி, மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினான், ஐந்தாவது வாரம் விரிசல். தேர்வு நாளில் கட்டிலில் இருந்தான். நெடுந்தூரத்துக்கு முதல் ஆறு மாதம் வேகப் பயிற்சியே தேவையில்லை. பிறகு வேண்டுமானால் வாரத்தில் ஒரு நாள், அதுவும் நடுவில் சில நிமிடங்கள் மட்டும்.

எங்கே ஓடுவது

கோட்டைப் பக்கம் விடியற்காலையில் நடக்கிற கூட்டம் உண்டு. பெண்கள் தனியாக ஆரம்பிக்க அதைவிடப் பாதுகாப்பான இடம் எனக்குத் தெரியவில்லை. வெளிச்சம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், தெரிந்த முகம் ஒன்றாவது தட்டுப்படும். ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருக்காமல் நாளுக்கு ஒரு திசையாக மாற்றுங்கள்.

பாலாற்று மணலில் ஓடினால் காலுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. மெத்தென்று இருப்பது உண்மைதான், ஆனால் குதிகால் புதைவதால் கெண்டைக்காலும் குதிகால் நாணும் ஒவ்வொரு அடிக்கும் கூடுதலாக இழுபடும். புதிதாக வருபவர்கள் மணலில் நடக்கலாம், ஓட வேண்டாம். கெட்டியான மண் பாதை கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. தார் ரோடு இரண்டாவது. சிமென்ட் கடைசி. பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் ஓடுகிறவர்கள் வண்டி எதிரே வருகிற பக்கமாக ஓடுங்கள். ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும், அதனால் ஒரு கால் எப்போதும் தாழ்வாகவே மிதிக்கும். முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கிறவர்களில் பலருக்கு இந்தச் சரிவும் ஒரு காரணம். ஆள் இல்லாத உள்தெருவில் நடுவாகப் போய்ச் சமன்செய்யுங்கள்.

மலை நம்மைச் சுற்றிலும் இருக்கிறது. ஓட்டேரிக்கு அப்பால் பாலமதி மலைச்சாலை, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் ஏற ஆசையாகத்தான் இருக்கும். ஏறுவது நல்ல பயிற்சி. இறங்குவதுதான் தொடையைக் கிழிக்கும், ஏனென்றால் இறக்கத்தில் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அன்றைக்குத் தெரியாது, மறுநாளும் அதற்கு மறுநாளும் பாத்ரூம் போய் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது தெரியும். முதல் சில தடவை ஓடி ஏறுங்கள், நடந்து இறங்குங்கள். காட்டுப் பகுதியில் தனியாகப் போகாதீர்கள்.

நாய் துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, நேருக்கு நேர் கண்ணைப் பார்க்காமல், மெதுவாக விலகுங்கள். கடித்துவிட்டால், கீறல்தான் என்றாலும், 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே ஊசி.

வெயில்

சுற்றிலும் பாறை மலை. பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்கக் கக்கும். ஏப்ரல், மே மாதங்களில் விடிகாலை ஐந்து மணிக்கே உடம்பு கசகசக்கும் ஊரில், வேறு ஊர்க்காரர் எழுதிய நேரக் கணக்கைப் பிடித்துக்கொண்டு ஓட முடியாது. குளிரில் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்றால் இங்கே 7 நிமிடம் 45 விநாடி ஆகட்டும். பேச்சு அளவுகோலை மட்டும் பாருங்கள். வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். அந்த இரண்டு வாரம் தூரத்தைக் குறைத்து ஓடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. தாகம் எடுத்தால் குடியுங்கள். குடம் குடமாக வெறும் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். 2002ல் பாஸ்டன் மாரத்தான் முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களிடம்தான் அது அதிகம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாளில் நான் எடுத்துப் போவது வீட்டு உப்புக் கரைசல்: 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எலுமிச்சை பிழிந்தால் குடிக்கச் சகிக்கும். உப்பு அளவை மட்டும் கைக்கணக்கில் போடாதீர்கள்.

கூட ஓடுகிறவர் தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, அது களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். வெப்பத்தாக்காக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். 108க்குப் போன் போட்டுவிட்டு வண்டி வரும்வரை காத்திருக்காமல் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், கவட்டியில் ஐஸ் வையுங்கள். நினைவு தடுமாறுகிறவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

ஷூ

இங்கே கொஞ்சம் அதிகம் பேசுவேன், தொழில் அது.

எந்த ஷூவும் லாஸ்ட் என்கிற கால் அச்சின் மேல்தான் உருவாகிறது. கம்பெனிக்குக் கம்பெனி அச்சு வேறு. அதனால் ஒரு பிராண்டில் 7ம் நம்பர் பொருந்தியது என்று இன்னொன்றில் கண்ணை மூடிக்கொண்டு 7 வாங்கக் கூடாது. நம் ஊரில் செருப்பிலேயே வளர்ந்த பாதங்கள் முன்பக்கம் அகலமாக இருக்கும். பல ஓட்ட ஷூக்களின் அச்சு முன்னால் ஒடுங்கியது. கடையில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன் மேல் நில்லுங்கள். விரல் எதுவும் ஓரத்துக்கு வெளியே வழியக் கூடாது. மிக நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் 10 கிலோமீட்டருக்குப் பிறகு நகம் கறுக்கும். சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் வீங்கி ஓட்ட அளவுக்கு வந்திருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸோடு போங்கள். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக் கொப்பளம் தரும். நைலானோ பாலியெஸ்டரோ கலந்தது மேல்.

அப்புறம் மூன்று சோதனை. குதிகாலைச் சுற்றியுள்ள பின்சுவரைக் கட்டைவிரலால் அமுக்குங்கள். மடங்கிச் சரியக் கூடாது. ஷூவை முன்னும் பின்னும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில்தான் வளைய வேண்டும், நடுவில் மடிந்தால் வேண்டாம். இரண்டையும் சமமான மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். இரண்டும் நேராக நிற்க வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் என்று மலிவாகக் கிடைப்பதை வாங்குகிறவர்களுக்கு இந்தக் கடைசிச் சோதனை அவசியம். தோல் ஷூவில் தையல் கோணல் என்றால் ஆபீசுக்குப் போட்டுக்கொள்ளலாம். ஓடுகிற ஷூவில் ஒரு கால் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அந்தச் சாய்வில் ஆயிரக்கணக்கான அடி மிதிப்பீர்கள்.

விலை? நடுத்தர விலையில் நல்லது கிடைக்கிறது. அடியில் கார்பன் தட்டு வைத்த, உயரமான நுரை வைத்த போட்டி ஷூக்கள் நமக்கு இப்போது வேண்டாம். போட்டு நாலு அடி ஓடிப் பார்த்து, எது காலில் இருப்பதே தெரியாமல் இருக்கிறதோ அதை எடுங்கள். நடுவில் உள்ள நுரை 500 முதல் 800 கி.மீ. வரை உழைக்கும், மேலே புதிதாகத் தெரிந்தாலும் உள்ளே செத்திருக்கும். நனைந்தால் உள்ளே பேப்பரைத் திணித்து நிழலில் காயவையுங்கள். மொட்டை மாடி வெயிலிலும், மூடிய வண்டி டிக்கியிலும் வைத்தால் நம் ஊர்ச் சூட்டில் பசை விட்டுப்போகும். இதைக் கஸ்டமர் ரிட்டர்னில் எத்தனையோ பார்த்தாயிற்று.

வெறுங்காலில் ஓடலாமா? இந்திய நெடுந்தூர ஓட்டக்காரர் சிவ்நாத் சிங் வெறுங்காலோடு ஓடிப் பேர் பெற்றவர். 1978ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தான் முடித்தார், அந்த தேசிய சாதனை பல பத்தாண்டுகள் நின்றது. அவருடைய பாதம் அவருக்கு. வீட்டில், மாடியில் வெறுங்காலோடு நடங்கள், பாதத் தசைக்கு நல்லது. ரோட்டில் கண்ணாடித் துண்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

வலியைப் படிப்பது

எம்.சி.ஆர். செருப்பு இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். சர்க்கரைக்காரர்கள் போடுவது. அந்த மைக்ரோ செல்லுலார் ரப்பர் தொழுநோயாளிகளின் பாதத்தைக் காப்பாற்றுவதற்காகப் பரவியது, அதில் நம் கரிகிரி தொழுநோய் மருத்துவமனைக்கும் சி.எம்.சி.க்கும் பெரிய பங்கு உண்டு. 1946ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் அந்த நோயாளிகளின் கைகால்களைப் பல வருஷம் கவனித்தார். நோய் சதையைத் தின்பதால் புண் வருவதில்லை, வலி தெரியாததால் வருகிறது என்று காட்டினார். ஒரே இடத்தில் அழுத்தம் கூடினால் நாம் அறியாமலேயே நடையை மாற்றிக்கொள்வோம். உணர்ச்சி இல்லாத பாதம் அதே இடத்திலேயே மிதித்து மிதித்துப் புண்ணாகும். ஓடுவதற்கு முன் வலி மாத்திரை போடுகிறவர் தன் காலை அந்த நிலைக்குக் காசு கொடுத்துக் கொண்டுபோகிறார். தண்ணீர் வற்றிய உடம்பில் புரூஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

எல்லா வலிக்கும் நிற்க வேண்டியதில்லை. உள்ளங்கையால் தடவிக் காட்டுகிற வலி, இரண்டு காலிலும் ஒரே மாதிரி இருக்கிற வலி, ஓடத் தொடங்கியதும் தளர்கிற வலி - பெரும்பாலும் தசை பழகும் வலி. பத்துக்கு மூன்று அளவுக்குள் இருந்து மறுநாள் காலை அடங்கிவிட்டால் தொடரலாம். மறுநாள் கூடியிருந்தால் இரண்டு மூன்று நாள் நடை மட்டும்.

ஒரே விரலால் தொட்டு "இங்கேதான்" என்று காட்ட முடிகிற எலும்பு வலி வேறு. ஓட ஓடக் கூடும், ராத்திரி படுத்தாலும் குத்தும், ஒற்றைக் காலில் குதித்தால் சுருக்கென்று பிடிக்கும். அன்றே நிறுத்துங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் தெரியாமல் போகலாம். "எக்ஸ்ரே நார்மல்" என்ற ஒரு வார்த்தையை வைத்துத் திரும்ப ஓடாதீர்கள். எம்.ஆர்.ஐ.யில் தெரியும். கவட்டிக்குள் ஆழமாக வலித்தால் தாமதிக்கவே கூடாது, தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் இருந்தால் அது முழுதாக முறியக்கூடியது.

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடி குதிகாலில் குத்துகிறதா? பாதத்தின் அடிச்சவ்வு. படி இறங்கும்போதும், பஸ்ஸில் வெகுநேரம் மடக்கி உட்கார்ந்தாலும் முழங்கால் சில்லைச் சுற்றி வலிக்கிறதா? தொடையும் இடுப்பும் பலமில்லை. குதிகாலுக்கு மேல் நாண் காலையில் விறைக்கிறதா? அதற்குப் படிக்கட்டு வைத்தியம் உண்டு, ஆல்ஃபிரட்சன் என்ற ஸ்வீடன் மருத்துவர் 1998ல் எழுதியது. படியின் நுனியில் முன்பாதத்தை வைத்து, வலியில்லாத காலால் எம்பி, வலிக்கிற ஒற்றைக் காலால் மெதுவாகக் குதிகாலைக் கீழே இறக்குங்கள். முழங்காலை நீட்டி 15 வீதம் மூன்று தடவை, மடக்கி 15 வீதம் மூன்று தடவை, காலை மாலை, 12 வாரம். யாரும் 12 வாரம் செய்வதில்லை, நான்காவது வாரத்தில் வலி குறைந்ததும் விட்டுவிடுகிறார்கள்.

வலி இல்லாதவர்களும் வாரத்தில் இரண்டு நாள் காலுக்குப் பலம் சேர்க்க வேண்டும். ஜிம் தேவையில்லை. அடுப்பில் பால் காய்கிறபோது ஒற்றைக் காலில் நில்லுங்கள், அப்புறம் அதே காலில் எம்பி இறங்குங்கள். நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்திருங்கள். சுலபமானால் அஞ்சு கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கி நிறுத்துங்கள். ஓடுவதற்கு முன் காலை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பது காயத்தைத் தடுப்பதாகத் தெரியவில்லை. பத்து நிமிடம் நடந்துவிட்டு மெதுவாக ஆரம்பியுங்கள், போதும்.

சாப்பாடும் தூக்கமும், குறிப்பாகப் பெண்களுக்கு

எங்கள் லைனில் பாதிப் பெண்களுக்கு மயக்கமும் மூச்சிரைப்பும் சகஜம். எல்லாரும் அதை வேலைக் களைப்பு என்பார்கள். ஓட ஆரம்பிக்கும் முன் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். பெண்களுக்கு 12க்குக் கீழ் என்றால் ரத்தசோகை; அதை வைத்துக்கொண்டு எந்தப் பயிற்சியும் ஏறாது. மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையோடு, முருங்கைக்கீரையும் எலுமிச்சையும் சேர்ந்து சாப்பிடுங்கள். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், இரும்பு உடம்பில் சேர்வதை டீ தடுக்கும். கேழ்வரகுக் களியும் கூழும் நம் வீட்டிலேயே இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம்.

இளைக்க வேண்டும் என்று ஓடிக்கொண்டே பட்டினி கிடப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாப்பாடு போதாமல் ஓடினால் மாதவிலக்கு தள்ளிப்போகும், சில சமயம் நின்றே போகும். சந்தோஷமான விஷயம் அல்ல அது. எலும்பு கட்டத் தேவையான ஹார்மோன் குறைந்துவிட்டது என்று அர்த்தம், விரிசல் வரும் வழி. மூன்று மாதம் வரவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

விடிகாலையில் ஒரு வாழைப்பழம் போட்டுக்கொண்டு கிளம்பலாம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாளில் மணிக்கு 30 கிராமிலிருந்து 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். இடுப்புப் பையில் ஒரு வாழைப்பழமும் இரண்டு மூன்று சின்ன வெல்லக் கட்டியும் இருந்தால் அடிமட்டக் கணக்கு சரியாகிவிடும். நீள ஓட்டத்துக்கு முந்தின ராத்திரி ஆம்பூர் பிரியாணி சாப்பிடுவது உங்கள் இஷ்டம், கூட ஓடுகிறவர்கள் மன்னிக்க வேண்டும். இட்லி, சாதம், ரசம் என்று அடக்கமாக முடித்துக்கொள்வது வழியில் கழிப்பறை தேடும் வேலையை மிச்சப்படுத்தும்.

தூக்கம் நாலு மணி நேரம்தான் என்றால் அன்றைக்கு ஓட்டத்தை நடையாக மாற்றுங்கள். எலும்பும் நாணும் சரியாகத் தூக்கம் வேண்டும். கம்பெனியில் ஷிப்மென்ட் நெருக்கடி வரும் வாரங்களை நான் முன்கூட்டியே இறக்க வாரமாகப் போட்டுக்கொள்வேன்.

இடையில் நின்றுபோனவர்கள் விட்ட இடத்தில் தொடங்காதீர்கள். ஒரு வாரம் விட்டிருந்தால் முந்தின வாரத்தின் அளவு. இரண்டு மூன்று வாரம் என்றால் பழைய தூரத்தில் பாதி. இரண்டு மாதத்துக்கு மேல் என்றால் நடை கலந்த ஓட்டத்திலிருந்து மறுபடி. காய்ச்சல் இருக்கும்போது ஓடவே கூடாது. விட்ட பிறகும் சில நாள் நடந்து பார்த்து, படியேறும்போது நெஞ்சு படபடக்கவில்லை என்று தெரிந்த பின் மெதுவாக. மழைக்காலத்தில் இங்கே டெங்குவும் சிக்குன்குனியாவும் சுற்றும். சிக்குன்குனியா வந்தவர்களுக்கு மூட்டு வலி மாதக்கணக்கில் இழுக்கும். அது ஓடி ஓடிச் சரியாகிற வலி அல்ல. அந்தச் சீசனில் மூட்டு முழுதாக அடங்கும்வரை சைக்கிள் மிதியுங்கள்.